மெயின் இறங்கிய பிறகு பத்து நிமிடம்

எண்பதுகளில் காளவாசலில் எனக்கு ஒரு கடை இருந்தது. பத்துக்கு எட்டு இடம்; அதிலும் பாதியை எரிந்துபோன மோட்டார்கள் பிடித்துக்கொண்டிருக்கும். கிணற்று மோட்டார்களின் ஸ்டார்ட்டர் ரிப்பேர்தான் தொழில். அலங்காநல்லூர் பக்கமிருந்தெல்லாம் விவசாயிகள் ஸ்டார்ட்டர் பெட்டியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருவார்கள். நாற்று காய்கிறது, இன்றைக்கே வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நான் பாதி ஸ்குரூவைக் கழற்றியிருப்பேன். பொறுமை என்பது எனக்கு அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. மூடியிருக்கிற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் காலையில் என் கூட்டாளி ஒரு துண்டு மூட்டையோடு வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் விளாங்குடியைத் தாண்டி உள்ளே பிரியும் ரோட்டில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். படம் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை அவனுக்குத் தெரியாது. அந்த வேலையைச் சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். கைக்குழந்தை ஒன்று இருந்தது. எப்போதும் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறவன் அன்றைக்குப் பேசாமல் வந்து என் மேசையில் துண்டை வைத்து அவிழ்த்தான்.

உள்ளே ஒரு பல்பு. முழங்கை நீளம், நடுவில் முட்டை போலப் புடைப்பு, இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி. ஒரு முனையில் கண்ணாடியும் உலோகமும் சேருகிற இடம் கருகி, முடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அது செனான் பல்பு. அதுவரை கொட்டகைகளில் கார்பன் குச்சியைத்தான் எரிப்பார்கள். நகரத்துத் தியேட்டர்களில் செனான் வந்து படம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்ததும், என் கூட்டாளியின் முதலாளி தானும் ஒரு பழைய செனான் லேம்ப்பை வாங்கிப் பொருத்திவிட்டார். அவர் கரும்பு விவசாயி. கொட்டகை அவருக்கு இரண்டாவது வயல். வாங்கிய சூட்டில் முதல் பல்பு நாலு மாதம் ஓடியது. இரண்டாவது, இப்போது என் மேசையில் கிடப்பது, இரண்டு மாதம்கூட முழுசாக ஓடவில்லை. ஒரு பல்பு விலைக்கு நல்ல ஜோடி மாடு வாங்கலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்பு விற்ற ஆள் கருகிய முனையைப் பார்த்ததும் காரணத்தைச் சொல்லிவிட்டாராம். லேம்ப்பை அணைத்தாலும் சூடு உள்ளேயே நிற்கும். அதற்குப் பிறகு பத்து நிமிடமாவது கூலிங் ஃபேன் ஓட வேண்டும். உங்கள் ஆபரேட்டர் லேம்ப்போடு ஃபேனையும் நிறுத்திவிடுகிறார் என்று. முதலாளி இவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இவன் இல்லவே இல்லை என்று சாதித்திருக்கிறான். அப்படியானால் பல்பு தானாகவா கருகியது என்று கேட்டுவிட்டு, மூன்றாவது பல்பை வாங்கி மாட்டி, இதுவும் போனால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

"நான் ஃபேன் சுச்ச தொடுறதே இல்ல மாப்ள. போட்டது போட்டபடியே விட்டுட்டுத்தான் கீழ எறங்குறேன். எம்புள்ள மேல சத்தியம்" என்றான். கண் கலங்கியிருந்தது.

நான் அவனைப் பாதிதான் நம்பினேன். அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமாகத்தான் இருக்கிறது. படம் முடிந்ததும் கீழே ஓடி ஒலிபெருக்கியில் ரெக்கார்டு போட வேண்டும், கேட்டைத் திறக்க வேண்டும், அத்தனையும் அவன் வேலை. அந்த ஓட்டத்தில் கை பழக்கத்தில் ஃபேனை அணைத்திருக்கும், இவனுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். ஆனால் அதைச் சொல்லவில்லை. வேறொன்று எனக்குள் பிடித்துக்கொண்டு எரிய ஆரம்பித்திருந்தது.

"ஒன்னைய நம்பலேன்னா போகட்டும். மெஷின நம்புவாருல்ல? லேம்ப் அணைஞ்ச பெறகு ஃபேன் தானா பத்து நிமிசம் ஓடி, தானா நிக்கிற மாதிரி செஞ்சுருவோம்" என்றேன்.

சொல்லிவிட்டேன். எப்படி என்று அந்த நிமிடத்தில் எனக்கே தெரியாது. பெரிய மோட்டார் ஸ்டார்ட்டர்களில் ஒரு டைமர் இருக்கும். மோட்டார் வேகம் பிடிக்கும்வரை காத்திருந்து அடுத்த இணைப்புக்கு மாற்றிவிடும். அதை நான் நூறு தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். ஆனால் அது என்ன இழுத்தாலும் அரை நிமிடத்துக்கு மேல் போகாது. எனக்கு வேண்டியது பத்து நிமிடம். அன்றைக்கு மூன்று விவசாயிகளை நாளை வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர்கள் என்னைத் திட்டியது பக்கத்து டீக்கடைவரை கேட்டிருக்கும்.

மறுநாள் நகரத்துக்குள் போய்ப் பழைய இரும்புக் கடைகளை அலசினேன். மூன்றாவது கடையில் ஒரு மில்லின் சாயப் பிரிவிலிருந்து கழித்துப் போட்ட சாமான் குவிந்து கிடந்தது. கிளறினேன். குழாய்களுக்கு அடியில், உள்ளங்கை அளவில், முகத்தில் சுழற்றும் வட்டத்தோடு ஒரு டைமர். வட்டத்தில் பூஜ்யத்திலிருந்து பதினைந்து நிமிடம்வரை கோடுகள். துணியைச் சாயத்தில் இத்தனை நிமிடம் முக்க வேண்டும் என்பதற்காக வைத்திருந்தது. உள்ளே கடுகு டப்பா அளவில் ஒரு மோட்டார், பல்சக்கரங்கள். எனக்கு அங்கேயே நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கடைக்காரப் பாய் என் முகத்தைப் பார்த்தே விலையை ஏற்றிவிட்டார். அதே மில்லிலிருந்து வந்த, கரண்ட்டில் ஓடும் சுவர்க் கடிகாரம் ஒன்றையும் என் தலையில் கட்டினார். சந்தோஷத்தில் அதையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் நான் வேறு எதையும் தொடவில்லை. லேம்ப் எரியும்போது ஒரு ரிலே, அதாவது கரண்ட் வந்தால் தானாக மூடிக்கொள்ளும் சின்ன ஸ்விட்ச், ஃபேனைப் பிடித்து இழுத்துவைக்கும். லேம்ப் அணைந்ததும் ஃபேன் நிற்காது, ஏனென்றால் ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். அதே நொடியில் டைமர் ஓடத் தொடங்கும். பத்து நிமிடம் ஆனதும் டைமர் ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டில் ஃபேனின் பிடி விடும், டைமருக்கும் கரண்ட் போய் அது மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இடைவேளையில் லேம்ப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் குழப்பம் இல்லை. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தபோது இவ்வளவு எளிதா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

கடையில் ஒரு குண்டு பல்பையும் டேபிள் ஃபேனையும் வைத்துச் சோதித்தேன். பல்பை அணைத்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. புதிதாக மாட்டிய சுவர்க் கடிகாரத்தில் செகண்ட் முள் பன்னிரண்டில் இருக்கும்போது அணைத்திருந்தேன்; அதையே பார்த்தபடி நின்றேன். டீக்கடைக்காரர் வந்தார், சைக்கிள் கடைக்காரர் வந்தார். பத்தாவது நிமிடத்தில், செகண்ட் முள் பன்னிரண்டைத் தொட்டபோது, டக். ஃபேன் நின்றது. இடத்தை விட்டு அசையாமல் அதேபோல் ஐந்து தடவை செய்து பார்த்தேன். ஐந்து தடவையும் முள் பன்னிரண்டில்தான் இருந்தது. என் அப்பா போன பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

கூட்டாளியிடம் அவன் எந்தெந்த ஸ்விட்சை எந்த வரிசையில் போடுவான், எந்த வரிசையில் அணைப்பான் என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தேன். அதன்படியே ஆபரேட்டர் ரூமில் பெட்டியைப் பொருத்தினேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மேட்னி ஷோ. அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அந்த அறை அடுப்பு மாதிரி இருந்தது. படம் முடிந்தது. அவன் லேம்ப்பை அணைத்தான். என் ரிலே மாறுகிற சின்னச் சத்தம் கேட்டது. டைமர் வட்டம் நகர்ந்தது. ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. நான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டேன். அவனும் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி, சுவரிலிருந்த மெயின் ஸ்விட்சின் கைப்பிடியை இறக்கினான். இறக்கிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அறை அமைதியாகிவிட்டது.

"ஏண்டா ஃபேன நிறுத்துன?" என்று நான் கத்தினேன்.

அவன் நிஜமாகவே பயந்துபோய் ஃபேன் ஸ்விட்சைக் காட்டினான். அது போட்டது போட்டபடி இருந்தது. "நான் தொடவே இல்லையே மாப்ள" என்றான்.

நான் மெயினைப் பார்த்தேன். அவன் கையைப் பார்த்தேன். எழுதிக் கொடுத்த வரிசையில் மெயின் ஸ்விட்ச் இல்லை. ஏனென்றால் அது அவனுக்கு வேலை இல்லை, கும்பிடு. படம் முடிந்தால் மெயினை இறக்கி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்குவது அவனுக்குச் செருப்பு மாட்டுகிற மாதிரி. சாமி கும்பிட்டதை யார் ஸ்விட்ச் கணக்கில் எழுதுவார்கள்? ஒவ்வொரு ஷோவுக்கும் ஃபேன் ஸ்விட்சை அவன் தொடாமல்தான் விட்டிருக்கிறான். ஒவ்வொரு ஷோவுக்கும் மெயின் இறங்கிய கணத்தில் ஃபேன் செத்திருக்கிறது. கலைகிற கூட்டத்தின் இரைச்சலில் அது கேட்டிருக்காது. அடுத்த ஷோவுக்கு வந்து மெயினை ஏற்றினால் ஃபேன் ஓடும்; அவனுக்கு எப்படித் தெரியும்? குழந்தை மேல் சத்தியம் செய்தவனைப் பாதி நம்பாமல் இருந்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

அதற்கெல்லாம் நேரம் இல்லை. உள்ளே பல்பு வெந்துகொண்டிருந்தது. நான் பாய்ந்து மெயினை மறுபடி ஏற்றி, பிடி விட்டுப்போன ரிலேயை விரலால் அழுத்தினேன். ஃபேன் ஓடியது. அடுத்த நிமிடம் படியில் தடதடவென்று சத்தம். முதலாளி மூச்சிரைக்க வந்து நின்றார்.

ஆபரேட்டர் ரூமுக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மெயின் இருந்தால் அது எரியும். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதலாளி, ஷோ முடிந்து அது அணைந்தால்தான் எழுந்திருப்பார். அவருடைய முந்தைய கொட்டகை, தென்னங்கீற்றுக் கொட்டகை, இந்த மாதிரி ஒரு அறையில் பிடித்த நெருப்பில் முழுசாகப் போயிருக்கிறது. அன்றிலிருந்து அது சட்டம்: ஒவ்வொரு ஷோவிலும் படம் முடிந்ததும் மெயின் இறங்க வேண்டும். இப்போது அணைந்த விளக்கு மறுபடி எரிந்ததைப் பார்த்து ஓடிவந்திருக்கிறார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. உங்கள் மெயின்தான் உங்கள் பல்பைத் தின்கிறது என்றேன். ஃபேனுக்கும் என் பெட்டிக்கும் மட்டும் மெயினுக்கு முன்னாலிருந்து தனியாக ஒரு ஃபியூஸ் வைத்து லைன் எடுக்க வேண்டும் என்றேன். மெயினை இறக்கிய பிறகும் உயிருள்ள வயரா என்று அவர் முகம் மாறியது. என் கூட்டாளி அவருக்குப் பின்னால் நின்று, பேசாமல் இரு என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். நான் கேட்கிற ஆளா? அவர் கையைப் பிடித்து இழுத்து, பல்பு இருக்கிற லேம்ப் ஹவுஸின் புகைப்போக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். பொசுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"லேம்ப் அணைஞ்சும் இம்புட்டுச் சூடு உள்ள நிக்கிது. இதத்தான் ஷோவுக்கு ஷோ மூடி வச்சுட்டு வீட்டுக்குப் போறீக" என்றேன்.

அவர் கையைத் தடவிக்கொண்டார். வெல்லம் காய்ச்சுகிற வீட்டுக்காரர் அல்லவா, அந்தச் சூடு அவருக்குப் பழகிய மொழிதான். பிறகு தனக்குத் தானே கேட்பதுபோல, "தீய இழுத்துட்டாலும் கொப்பரைல பாகு கொதிச்சுக்கிட்டுத்தான கெடக்கும். துடுப்ப எடுத்துட்டா அடிப்புடிச்சுரும்" என்றார்.

ஆனால் உடனே சரி என்று சொல்லிவிடுகிற ஆளும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த ஞாயிறு மேட்னிக்கு மதுரையிலிருந்து ஒரு ஆபரேட்டரை வரச் சொல்லிவிட்டாராம். அதற்குள் செய். மெயின் இறங்க வேண்டும், ஃபேன் ஓட வேண்டும், யாரும் தொடாமல் தானாக நிற்க வேண்டும். சிவப்பு விளக்கை ஃபேன் லைனிலேயே சேர்த்துவிடு, அது அணையும்வரை நான் கீழே உட்கார்ந்திருப்பேன். நிற்காமல் ஓடினாலோ, பாதியில் நின்றாலோ, வருகிற ஆளிடம் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்றார்.

"பத்து நிமிசம்னா பத்து நிமிசம். ஒரு செகண்டு கூடாது, ஒரு செகண்டு கொறையாது" என்று நான் மார்தட்டினேன். யார் என்னை அதைச் சொல்லச் சொன்னார்கள்?

அந்த வாரம் லைனை மாற்றினேன், தனி ஃபியூஸ் போட்டேன், விளக்கைச் சேர்த்தேன். மறு ஞாயிறு வந்தது. மதுரை ஆபரேட்டரும் வந்திருந்தார். மெலிந்த மனிதர், ஒரு ரெக்ஸின் பையோடு முதலாளிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே அவர்களோடு நின்றேன். மேலே ஆபரேட்டர் ரூம் ஜன்னலில் என் கூட்டாளியின் முகம் மட்டும் தெரிந்தது. கூட்டம் கலைந்து வெளியே வந்தது. லேம்ப்பை அணைத்ததும் அவன் ஜன்னலிலிருந்து கையைக் காட்டினான்; அடுத்து மெயின் இறங்கியது எனக்கு மனசுக்குள் கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆனதும் மதுரைக்காரர்கூட ஆர்வமாக எழுந்து நின்றுவிட்டார்.

"பத்து ஆச்சு" என்றார் முதலாளி.

விளக்கு எரிந்தது. என் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. அவர் வாய்க்குள் செகண்டுகளை எண்ண ஆரம்பித்தார். பத்து. பதினைந்து. ரிலே ஒட்டிக்கொண்டதா, ஸ்பிரிங் சிக்கிவிட்டதா? ஜன்னலில் இருந்த முகம் என்னையே பார்த்தது. இருபது. மதுரைக்காரர் குனிந்து பையின் காதைப் பிடித்தார். அவனுடைய கைக்குழந்தையின் முகம் ஏனோ கண்முன் வந்தது.

விளக்கு அணைந்தது.

"பத்து நிமிசம், இருவத்தஞ்சு செகண்டு" என்றார் முதலாளி. "ஒரு செகண்டு கூடாதுன்ன?"

என் டைமர் தப்பே செய்யாது, உங்கள் வாட்ச்தான் வேகமாக ஓடுகிறது என்று எகிறினேன். எந்தக் கடிகாரத்தில் பார்த்தாய் என்று நிதானமாகக் கேட்டார். மில் கடிகாரம், கரண்ட்டில் ஓடுவது என்று நான் சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அந்த டைமர் மோட்டார் கரண்ட்டின் துடிப்பை எண்ணி ஓடுவது. அந்தக் கடிகாரமும் அப்படித்தான். ஊர் ஊராகக் கிணற்று மோட்டார் ஓடுகிற காலத்தில் அந்தத் துடிப்பு மந்தமாகிவிடும் என்பது ஸ்டார்ட்டர் ரிப்பேர்க்காரனான எனக்குத் தெரியாதா? தெரியும். சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. நான் உளறி உளறி இதைச் சொல்ல, கரும்புத் தோட்டத்தில் தினமும் அந்தக் கரண்ட்டோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"அப்ப ரெண்டும் சேந்துல்ல நொண்டியிருக்கு" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார். "கூடக் கொஞ்ச நேரம் ஓடுனா பல்புக்கு நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான்" என்றேன்.

அவர் வாட்சைக் கட்டிக்கொண்டு மதுரைக்காரரின் பக்கம் திரும்பி ஏதோ மெதுவாகச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து அவர் கையில் வைத்தார். அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார். மேலேயிருந்தவனுக்கு எங்கள் பேச்சு எதுவும் கேட்டிருக்காது. அவன் அந்தப் பையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பை படிக்கட்டின் பக்கம் வரவில்லை. கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் புளியமரத்துக்குப் போனது.

"மாப்ள, அவரு ஏன்டா போறாரு?" என்று ஜன்னலிலிருந்து கேட்டான். குரல் உடைந்திருந்தது. நான் முதலாளியின் பக்கம் கையைக் காட்டினேன்.

முதலாளிதான் அண்ணாந்து பார்த்துச் சொன்னார். "ஏலே, ஃபேன நீ நிறுத்தலடா. இத்தன நாளும் நாந்தான் நிறுத்தியிருக்கேன். எறங்கி வா, டீ குடி. ஆறரைக்கு ஷோ இருக்கு."

ஜன்னலில் அவன் முகம் இரண்டு கைகளுக்குள் போய்விட்டது. டீ ஆறிய பிறகும் அவன் கீழே வரவில்லை.